யாரும் சாகாத வீட்டின் துக்கம்

பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்துக்குள் நான் செருப்புக் காலோடு ஓடியதை இன்று நினைத்தாலும் காது மடல் சூடாகிறது. மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போயிருந்தாள். அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வங்காளத்தில் நாங்கள் குடியிருந்த சால்ட் லேக்கிலேயே இருந்த அவள் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பியூன் மாடியைக் காட்டினார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் நீல நிறத்தில் ஒரு சின்னத் தீ. அதில் ஒன்றுக்கு முன்னால் என் மகள் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம் நடந்தது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கதவை இடித்துத் திறந்தேனாம். குறுக்கே நின்ற இரண்டு பெண்களைத் தள்ளிவிட்டேனாம். மகளின் பின்னலைப் பிடித்து இழுத்ததில் கண்ணாடிக் குழாய்கள் கீழே விழுந்து நொறுங்கினவாம். "தீ, தீ" என்று தமிழில் கத்திக்கொண்டே இருந்தேனாம். அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் என் மகள். அவளோ தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "மா, ப்ளீஸ்" என்று மட்டும் சொன்னாளாம்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "ட்வெல்த் முடிச்சதும் நான் போயிடுவேன்மா. எந்த ஊர்ல சீட் கிடைச்சாலும் சரி. லீவுக்குக்கூட வரமாட்டேன்."

அவள் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவள் இல்லை. சொன்னால் செய்கிறவள். அந்தப் பயம்தான் என்னை அடுத்த இரண்டு வருடங்களுக்கு இழுத்துக்கொண்டு போனது.

பள்ளி முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். பெண் வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போடுகிறாள், ஒரு உளவியல் ஆலோசகரிடம் காட்டுங்கள் என்றார். எனக்கு உள்ளூரத் திருப்திதான். ஆமாம், பிள்ளைக்குத்தான் மனசு சரியில்லை, சரிசெய்துவிடலாம் என்று பாலிகஞ்ச்சில் ஓர் அம்மாவிடம் அழைத்துப் போனோம். பழைய வீட்டின் முதல் மாடி; ஜன்னலுக்கு வெளியே டிராம் கம்பிகள். அந்த அம்மா வங்காளி, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிறபடி தீதி என்று கூப்பிட்டேன். மகளைத் தனியாக உட்காரவைத்து நெடுநேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் வாருங்கள்."

"எத்தனை மணிக்கு அழைத்து வர?"

"அவள் வேண்டாம். நீங்கள் வாருங்கள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கட்டில் இறங்கும்போது என் கணவரிடம், "பணம் பிடுங்கப் பார்க்கிறாங்க, எனக்கு என்ன கேடு?" என்றேன். மகள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகு சிரிக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

போனேன். கோபத்தோடுதான் போனேன். நடந்ததைச் சொல்லுங்கள் என்றார் தீதி. ஆங்கிலத்தில் சொன்னேன். நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவள், அறிக்கை எழுதுவது கை வந்த கலை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தீபாவளி. விடியற்காலை. மகளுக்கு ஆறு வயது. வங்காளிகளுக்கு வெடியும் மத்தாப்பும் மறுநாள் காளி பூஜை ராத்திரியில்தான். நாங்கள் மட்டும் ஊர் வழக்கப்படி விடியுமுன்பே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, குடியிருப்பு முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்க, கீழே வாசலில் இறங்கியிருந்தோம். மத்தாப்புப் பற்றவைக்க ஓர் அகல் விளக்கைப் படியில் வைத்திருந்தேன். குழந்தை புஸ்வாணம் கொளுத்தக் குனிந்தபோது, புதுக் கவுனின் பின்பக்கம் அகலில் பட்டது. முதுகு, கழுத்து, வலது தோள்பட்டை எல்லாம் தீக்காயம். ஆஸ்பத்திரி, தோல் மாற்று அறுவை, பிழைத்துவிட்டாள். அவ்வளவுதான்.

"இதைச் சொல்லும்போது பதற்றம் எவ்வளவு? நூற்றுக்கு மார்க் போடுங்கள்" என்றார்.

"இருபது" என்றேன் பெருமையாக.

அவர் குனிந்து நாற்காலிக்குக் கீழே பார்த்தார். என் இரண்டு கால்களும் உட்கார்ந்த இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன.

என் கால்களுக்கு அது பழக்கம். பத்து வருடமாக நான் முழுசாக எங்கேயும் உட்கார்ந்ததில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பாதியில் எழுந்து சமையல் கட்டைப் பார்த்துவிட்டு வருவேன். அலுவலகத்தில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். காஸ் குமிழை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். தூக்க மாத்திரை கொடுத்த டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். ஊரில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். மகளை அடுப்பங்கரைக்குள் விட்டதே இல்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. காயத்துக்கு மருந்து போடுவதும், குளிப்பாட்டுவதும், பிறகு தலை பின்னிவிடுவதும் என் கணவரின் வேலை ஆயிற்று. மூன்று கால் பின்னலை அவர் எங்கே கற்றுக்கொண்டார் என்று நான் கேட்டதே இல்லை.

தீபாவளியையும் விட்டுவிட்டோம். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பண்டிகை நாளில் வீட்டில் ஒருவர் இறந்துபோனால், அதற்குப் பிறகு அந்தப் பண்டிகையைக் கொண்டாடுவதில்லை. அதே நாளில் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தாலோ, வீட்டுப் பசு கன்று போட்டாலோதான் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது திருநெல்வேலியிலிருந்து என் கணவரின் அக்கா போன் செய்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். அந்தக் குடும்பத்தில் அவர் சொல்தான் சட்டம். "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாது, நான் அம்மனுக்கு நேந்திருக்கேன். ஆனா தீவாளி நமக்கு ஆகிவரல. இனிமே கெடையாது. விட்டுருங்க" என்றார். மறு பேச்சுப் பேசாமல் விட்டுவிட்டோம். சொல்லப்போனால் நான் ஓடிப்போய் அந்தச் சட்டத்துக்குள் ஒளிந்துகொண்டேன். வருடா வருடம் தீபாவளியும் காளி பூஜையும் வந்தால் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, டி.வி.யைச் சத்தமாக வைத்துவிட்டு, மூன்று பேரும் அதற்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள், நான் நடந்துகொண்டிருப்பேன். பண்டிகை இல்லாத வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கும் வழக்கப்படி, குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் அதிரசமும் முறுக்கும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். சால்ட் லேக்கில் மூன்றாவது மாடியில் இருக்கிறவர்கள் பசுவுக்கு எங்கே போவது? எனவே என் காலம் முழுக்க எனக்குத் தீபாவளி இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

தீதி இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பயம் ஏறும். ஏறட்டும். ஓர் இடம் வரைக்கும் போய்த் தானாக இறங்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் நீங்கள் அது உச்சிக்குப் போவதற்கு முன்பே எழுந்து ஓடிவிடுகிறீர்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் அன்போடு வழி விட்டு நிற்கிறார்கள். அது இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியவே இல்லை." தீ எப்போதோ அணைந்துவிட்டது, அந்தச் செய்தி உங்கள் உடம்புக்கு இன்னும் போய்ச் சேரவில்லை என்றும் சொன்னார். வைத்தியம் எளிமையானதாம். கண்ணை மூடிக்கொண்டு, அந்த விடியற்காலைக்குள் திரும்பிப் போய், இப்போது நடப்பதுபோல முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வேண்டும். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. அதைக் கேசட்டில் பதிவுசெய்து தருவார். தினமும் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

"ஆறிப்போன புண்ணைக் கீறச் சொல்கிறீர்களா?"

"ஆறியிருந்தால் நீங்கள் அந்த ஆய்வகத்துக்குள் ஓடியிருக்க மாட்டீர்கள்."

எரிச்சலோடு கைப்பையை இழுத்து மூடினேன். அவர் இன்னொன்றும் சொன்னார். ஆங்கிலத்தில் வேண்டாம், அன்று வாசலில் என்ன மொழி பேசினீர்களோ அதில் சொல்லுங்கள். "உங்களுக்குப் புரியாதே" என்றேன். "எனக்குப் புரிய வேண்டும் என்றா வருகிறீர்கள்?" என்றார்.

தமிழில் சொல்ல ஆரம்பித்தபோது குரலே வேறு யாருடையதோ போல வந்தது. சீயக்காய் வாசம் வருது. படி சில்லுன்னு இருக்கு. பாப்பா குனியுறா. அத்தோடு நிறுத்திவிட்டு, ஆஸ்பத்திரிக்குத் தாண்டிப் போனேன். அடுத்த வாரமும் அதே இடத்தில் தாண்டினேன். தீதிக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. கண்டுபிடிக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் காதால் கேட்டதைவிடக் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த இடத்தில் உங்கள் கைகள் என்ன செய்கின்றன?" என்றார்.

கண்ணைத் திறந்தேன். மடியில் என் இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டு விலகிக்கொண்டிருந்தன. சத்தம் வராமல் தட்டிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. புஸ்வாணம் பற்றிக்கொள்ளுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் பெரிதாக வெளிச்சம் வந்தது. ஆகா, நன்றாகப் பூக்கிறது என்று நினைத்தேன். கை தட்டினேன். என் குழந்தையின் முதுகு எரிந்துகொண்டிருந்தபோது நான் சிரித்துக்கொண்டே கை தட்டினேன். பத்து வருடமாக இதை நான் யாரிடமும், கணவரிடம்கூட, சொன்னதில்லை. தீதியிடம் வங்காள மொழியில் சொல்லிவிட்டு, இனி இந்த அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டார் என்று காத்திருந்தேன். அவர் மேசைமேல் இருந்த எலுமிச்சை டீயை என் பக்கம் நகர்த்தினார். "தார்போர்?" என்றார். பிறகு?

அந்தச் சொல்லை நான் வெறுத்தேன். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது? கை தட்டினேன், அதோடு என் கதை முடிந்தது. அவரோ ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் "தார்போர்?" என்றார்.

கேசட்டை வீட்டில் உட்கார்ந்து கேட்கச் சொல்லியிருந்தார். என்னால் முடியுமா? மகளின் வாக்மேனைக் கேட்டு வாங்கி, அலுவலகம் போகும் மினிபஸ்ஸில் நின்றுகொண்டே கேட்டேன். கூட்டத்தில் கம்பியைப் பிடித்தபடி தாரை தாரையாகக் கண்ணீர். ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து ஒரு பெரியவர் எழுந்து, "போஷுன் தீதி", உட்காருங்கள் அக்கா, என்று இடம் கொடுத்தார். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு மாஷிமா, வயதான அம்மா, சுருக்குப் பையிலிருந்து ஏலக்காய் எடுத்துத் தந்தார். இந்த ஊரில் பொது இடத்தில் அழுவது ரொம்பக் கஷ்டம். பஸ்ஸே சேர்ந்து விசாரிக்கும். தீதியிடம் சொன்னபோது சிரித்தார், ஆனால் விடவில்லை. "பஸ்ஸில் கேட்பதும் ஓடிக்கொண்டே கேட்பதுதான். வீட்டில், கதவைச் சாத்தி, நாற்காலியில்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். முந்தின வாரம் பதிவுசெய்தது. என் குரல் கை தட்டியது வரைக்கும் வந்து நின்றது. தீதியின் "தார்போர்?" கேட்டது. பிறகு என் குரல் தொடர்ந்தது. தலையில கட்டியிருந்த துண்டை உருவுறேன். ஈரத்துண்டு. அவ மேல போட்டு, கட்டிப் பிடிச்சு, மண்ணுல உருளுறேன். அவ என் காதுக்குள்ள அம்மா அம்மாங்கிறா.

நாடாவை நிறுத்தினேன். இதை நான் சொன்னேனா? சொல்லியிருக்கிறேன். ஆனால் காதால் கேட்கும் வரை அது எனக்குச் செய்தியாகப் படவே இல்லை. தீயை அணைத்தது என் கணவர் என்றுதான் அத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன்.

"நீதானே அணைச்சே" என்றார் ஆச்சரியமாக. "நான் மத்தாப்புப் பெட்டி எடுக்க மேலே வந்திருந்தேன். இறங்கி வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருந்தது."

"ஏன் இத்தனை வருஷம் சொல்லலை?"

"அதைப் பத்தி இந்த வீட்டுல பேசவே கூடாதுன்னு நீதானே சொன்னே."

அவரை அடிக்கலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றேன்.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக நான் தேறிவருவதாக நினைத்துக்கொண்டிருந்தபோது அந்த வருடத் தீபாவளி வந்தது. பழையபடி ஜன்னல்களைச் சாத்தினேன். முந்தின மாதம்தான் மாற்றலாகி வந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்து அம்மா, பலகாரத் தட்டோடு வந்து மணி அடித்தார். மகள் கதவைத் திறந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"உங்க வீட்டுக்குப் பண்டிகை இல்லைன்னு சொன்னாங்கம்மா. யாரு தவறிட்டாங்க?"

"நான்தான் ஆண்ட்டி" என்றாள் மகள்.

அந்த அம்மா சிரிக்கப் போனார், சிரிப்பு பாதியில் நின்றது. தட்டைக் கொடுத்துவிட்டு அவசரமாக இறங்கிப் போய்விட்டார். நான் கரண்டியோடு வெளியே வந்தேன். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுறே?"

"நமக்கு ஏதும்மா நல்ல நாள்?" என்றாள். "சரி, நான் இல்லைன்னா வேற யாரு? நீயே சொல்லு. அடுத்த வருஷம் வந்து கேட்டா அந்தப் பேரைச் சொல்றேன்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீதியிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். என்ன திமிர், என்ன வாய், வளர்த்ததற்கு இதுதான் மரியாதையா. அவர் முழுவதையும் கேட்டார். எங்கள் வழக்கங்களை அவருக்கு நான் விளக்கியிருந்தேன். பண்டிகை விடுவது என்றால் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"உங்கள் பெண் கேட்டது சரியான கேள்விதானே?" என்றார். "யார் இறந்தது?"

"யாரும் இறக்கவில்லை."

"தமிழில் சொல்லுங்கள்."

"யாரும் சாகலை" என்றேன். என் பெண் சாகவில்லை. பிழைத்து வந்தாள், பள்ளிக்கூடம் போனாள், வளர்ந்தாள், என் உயரத்தைத் தாண்டினாள். அவள் கண் முன்னாலேயே வருடா வருடம் அவளுக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீடுகள் கொண்டுவந்த துக்க வீட்டுப் பலகாரத்தை அவளையே தின்ன வைத்தோம். படித்தவர்கள், உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை. உறைத்த ஒருத்தி அந்தக் குழந்தைதான். எவ்வளவு காலமாக அவளுக்குத் தெரியும் என்று நினைத்தபோது எனக்கு என் மேலும், மதினி மேலும், அந்த முறுக்கின் மேலும்கூட ஆத்திரமாக வந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையில் என் கால்கள் அசையாமல் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. தீக்குச்சியை உரசிக் கையில் பிடித்துக்கொண்டு அது எரிந்து முடியும் வரை பார்க்க வேண்டும், ஊதக் கூடாது. அப்புறம் மெழுகுவர்த்தி. அப்புறம் மகள் டீ போட, நான் சமையலறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நிற்கக் கூடாது, பதற்றத்துக்கு மார்க் சொல்வதைத் தவிர வாய் பேசக் கூடாது. முதல் நாள் அவள் பாலைப் பொங்கவிட்டு அடுப்பை அணைத்தாள். நான் முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு எண்பத்தைந்து என்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "என்ன, மார்க்கா? இந்த டீக்கா?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் செய்த முதல் கேலி அது. டீ படுமோசம், முழுசாகக் குடித்தேன்.

மறு வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்பு. வெளியூர்க் கல்லூரிகளின் விண்ணப்பங்கள் வீடு முழுக்கக் கிடந்தன. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு என் கணவர் தாமாகவே திருநெல்வேலிக்குப் போன் போட்டார். "அக்கா, இந்த வருஷம் நாங்க கொண்டாடுறோம்."

எனக்கு மதினியின் குரல் தள்ளி நின்றே கேட்டது. "யாருக்குல பிள்ளை பொறந்திருக்கு? பசு எதுவும் கன்னு போட்டிருக்கா?"

"செத்தாத்தானேக்கா விடணும். நம்ம வீட்டுல யாரும் சாகலையே."

வெளியூர்ப் போனில் பணம் ஓடிக்கொண்டிருந்தது, மதினியும் வைக்கவில்லை, இவரும் வைக்கவில்லை. கடைசியில் மதினி, "அது சரிதான்" என்றார். பிறகு, "பலகாரம் என்ன செய்யுதீய?" என்றார்.

விடியுமுன் எழுந்தோம். எண்ணெயை நான்தான் காய்ச்சினேன். கணவர் கிண்ணத்தை வாங்கக் கை நீட்டினார். அந்த வீட்டில் மகளின் தலை அவர் பொறுப்பு. நான் கொடுக்கவில்லை. மணை போட்டு மகள் உட்கார்ந்தாள், கொஞ்சம் விறைப்பாக. உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். வழிந்த எண்ணெய் பின்கழுத்தில் இறங்கியது. அது போகும் இடம் எனக்குத் தெரியும். அங்கே பார்க்காமல், தொடாமல் இருக்க என்னவெல்லாம் செய்தேன், எத்தனை வருடம் கணவரை வைத்துச் சமாளித்தேன். சட்டையை விலக்கி, வழுவழுப்பும் முடிச்சுமாகக் கிடந்த அந்தத் தோலின் மேல் கையை வைத்தேன்.

"வலிக்குதாடா?"

"அங்கே தொட்டா எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா" என்றாள். "வலி கிடையாது, சூடு கிடையாது. அப்போலேருந்தே அப்படித்தான். நீ ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

கையை எடுக்கத் தோன்றியது. எடுக்கவில்லை. "ஒண்ணுமே தெரியாதா?"

"ஓரத்துல தெரியும்."

விரலை மெதுவாக நகர்த்தினேன். "இங்கேயா?"

"இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி."

தள்ளினேன்.

"ம். இப்போ தெரியுது" என்றாள்.